மறுமொழி: 'புதுப்பிப்பு அனுமதி' என்பதற்கு வேறு சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வீட்டை மாற்றிச் சீராக்க வாங்கும் 'புதுப்பிப்பு அனுமதி' என்பதற்கு வேறு சொல் தேடும் இந்த இழைக்கு என் மறுமொழி இது.

கட்டட அனுமதிப் படிவங்களைத் தமிழில் எழுதும் வேலையில் நான் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தை முதலில் அப்படியே காட்டிவிடுகிறேன். இருக்கும் வீட்டை மாற்றிச் சீராக்கும் ரெனோவேஷனைப் புதுப்பித்தல் என்கிறோம். காலம் முடிந்த ஆவணத்தை மறுபடி செல்லத்தக்கதாக்கும் ரினியூவலையும் புதுப்பித்தல் என்றே சொல்கிறோம். இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் வந்தால் தொல்லை இல்லை. கட்டட அனுமதியில் இரண்டும் ஒரே தாளில் வருகின்றன, ஏனென்றால் அனுமதிக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரி விதித்தொகுப்பின்படி, அனுமதி கொடுத்த 180 நாட்களுக்குள் வேலை தொடங்காவிட்டால் அது செல்லாது. பெயரும் நாள்கணக்கும் இடத்துக்கு இடம் மாறலாம். தொடங்காத வேலைக்கு வாங்கிய அனுமதி ஒருநாள் செத்துப்போகும் என்பது ஏறக்குறைய எல்லா ஊர் விதிகளிலும் இருக்கிறது.

என் வரைவில் இருந்த வரி இது: 'புதுப்பிப்பு அனுமதியைப் புதுப்பிப்பதற்கான விண்ணப்பம்.' அதற்கு இரண்டு வரி கீழே 'புதுப்பிப்புக் கட்டணம்' என்று ஒரு கட்டம். எந்தப் புதுப்பிப்புக்கு? வரைவை இருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் வீட்டு வேலைக்கான கட்டணம் என்றார், மற்றவர் காலம் நீட்டிப்பதற்கான கட்டணம் என்றார். இருவரும் நன்றாகத் தமிழ் படித்தவர்கள். பிழை அவர்களுடையது அன்று.

இந்தக் குழப்பத்தைக்கூட ஓர் அடைமொழி சேர்த்துத் தீர்த்துவிடலாம். என்னை உறுத்துவது வேறொன்று. 'புதுப்பித்தல்' என்ற சொல் வீட்டுக்காரரின் காதில் வெள்ளையடிப்பது போல விழுகிறது.

என் சின்னம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே அறையாக்க நினைத்தார்கள். வேலைக்கு வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்து, தடுப்புச் சுவர்தான் என்று சொல்லி இடித்துவிட்டார். நான்காம் நாள் மாடி அறையின் கதவு நிலையில், மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. முதலில் நகம்கூட நுழையாத கீற்று. மறுநாள் காலை அதற்குள் நாணயம் நுழைந்தது. கதவைச் சாத்தினால் பாதியில் இறுகி நின்றது. இடித்தது பாரம் தாங்கும் சுவர். பொறியாளர் ஒருவரை அழைத்து, இரவோடு இரவாக இரும்பு முட்டுகள் கொடுத்து நிறுத்தி, பிறகு உத்தரம் போட்டார்கள். அன்று அந்தப் பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, "அனுமதி வாங்கவில்லையா அம்மா?" சின்னம்மா சொன்ன பதிலை நான் மறக்கவே இல்லை: "வீட்டைப் புதுப்பிப்பதற்கு எதற்கு ஐயா அனுமதி?"

அவரைக் குறை சொல்ல முடியாது. புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்த வீட்டைப் புதுசாக்கிக்கொள்வதற்கு யாரைக் கேட்கவேண்டும் என்றுதான் அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் வரைபடத்தைப் பார்க்கிறவர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, 'இந்தச் சுவரின் மேல் என்ன நிற்கிறது?' என்பதுதான்.

விதி எழுதுகிறவர்கள் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று தேடினேன். பழைய கட்டடங்களுக்கென்றே தனியாக ஒரு மாதிரி விதித்தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் வெளியிடுவது. அதில் வேலையை வகை பிரிக்கும் இடத்தில் ரெனோவேஷன் என்ற பெயரில் ஒரு வகையே இல்லை. பழுதுபார்த்தல் ஒன்று, மாற்றம் ஒன்று, கூடுதலாகக் கட்டுவது ஒன்று, கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவது ஒன்று என்று பிரிக்கிறார்கள். மாற்றத்துக்குள்ளே மூன்று நிலைகள். பழைய பொருளை எடுத்துவிட்டு அதே வேலைக்குப் புதிய பொருளை வைப்பது முதல் நிலை. அறைகளின் அமைப்பை மாற்றினாலோ, கதவையோ சன்னலையோ புதிதாகத் திறந்தாலோ அடைத்தாலோ இரண்டாம் நிலை. வேலை நடக்கும் பரப்பு கட்டடத்தின் பரப்பில் 50 விழுக்காட்டைத் தாண்டினால் மூன்றாம் நிலை. வண்ணம் அடிப்பது, தரைக்கு ஓடு பதிப்பது, அலமாரி பொருத்துவது போன்றவற்றுக்கு அந்தத் தொகுப்பிலேயே அனுமதி தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது.

மக்கள் ஒரே சொல்லில் அடக்குவதைச் சட்டம் ஐந்தாறாகப் பிரித்துத்தான் ஆள்கிறது. நாம் அந்த ஒரே சொல்லுக்கு ஈடு தேடிக்கொண்டிருந்தால் அதன் குழப்பத்தையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவோம்.

இனி, சென்ற வாரம் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> சீரமைப்பு என்று போட்டுவிடலாம். செய்தித்தாள்களில் ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கிறது. சாலைச் சீரமைப்பு, நிருவாகச் சீரமைப்பு, கல்விச் சீரமைப்பு என்று எல்லா இடத்திலும் இருப்பதுதான் அதன் குறை. கெட்டதைச் சரியாக்குவது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. நன்றாக நிற்கும் சுவரை எடுப்பதற்கு அது பொருந்தாது. பழுதுபார்த்தலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் 'செப்பனிடல்' என்ற பழகிய சொல் இருக்கிறது, 'மராமத்து' என்ற பழைய அலுவலகச் சொல்லும் இருக்கிறது.

> இலங்கையில் புனரமைப்பு என்கிறோம், எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் என்பதை ஏற்கிறேன் அம்மா. ஆனால் புனரமைப்பு என்றால் சிதைந்ததை மறுபடி முன்போல் எழுப்புவது. முன்பு இல்லாத ஒரு வாசலைத் திறப்பதை அதில் அடக்க முடியவில்லை.

> மாற்றுக்கட்டுமானம் என்பது சுருக்கமாக இருக்கிறது.

இதைத்தான் நானும் முதலில் எழுதிவைத்திருந்தேன். பிறகு உரக்கப் படித்துப் பார்த்தேன். மாற்றுவழி, மாற்று ஏற்பாடு, மாற்றுச் சான்று என்றெல்லாம் கேட்டுப் பழகிய காதுக்கு, 'இதற்குப் பதிலாக இன்னொரு கட்டுமானம்' என்றே விழுகிறது. நம் இலக்கண ஆசிரியர் ஐயா, வினைத்தொகையாக 'மாற்றுகட்டுமானம்' என்று ஒற்று மிகாமல் எழுதினால் 'மாற்றும் கட்டுமானம்' என்று பொருள் மாறிவிடும் என்கிறார். இலக்கணம் சரிதான். அச்சில் அந்த 'க்' இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பொருள் கொள்ளும் பொறுமை, வரிசையில் நின்று படிவம் நிரப்புகிறவருக்கு இருக்குமா? ஓர் ஒற்றெழுத்தை நம்பி ஒரு படிவத்தை நிறுத்த எனக்கு மனமில்லை.

'திருத்தம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வரைபடத்தைத் திருத்தித் திரும்பக் கொடுப்பது இந்த நடைமுறையில் அன்றாடம் நடப்பது. திருத்திய வரைபடம் என்ற சொல்லாட்சி நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லை வேறு வேலைக்கு இழுக்கவேண்டாம்.

என் பரிந்துரை, கட்டுகிறவர்கள் பேசும் பேச்சிலிருந்தே வருகிறது. கொத்தனார் என்ன சொல்கிறார்? 'இந்தச் சுவரை மாற்றிக் கட்டவேண்டும்', 'பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்டலாம்', 'இது தாங்காது, இடித்துத்தான் கட்டவேண்டும்'. மூன்று வேலை, மூன்று வினை, எதிலும் மயக்கம் இல்லை. அவற்றை அப்படியே பெயராக்குவோம்: மாற்றிக்கட்டல், சேர்த்துக்கட்டல், இடித்துக்கட்டல். வீட்டுக்காரருக்கு விளக்கம் தேவைப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'கட்டல்' என்று காதில் விழுந்ததுமே கட்டட அனுமதி நினைவுக்கு வரும். சின்னம்மாவிடம் 'இது மாற்றிக்கட்டல்' என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

பேச்சுத்தொடரைக் கலைச்சொல் ஆக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. வினையெச்சத்தோடு இன்னொரு வினை சேர்ந்து பெயராவது தமிழுக்குப் புதிதன்று. கண்டுபிடிப்பும் எடுத்துக்காட்டும் அப்படி வந்தவைதாம். எடுத்துக்காட்டைப் பின்பற்றி 'மாற்றிக்கட்டு' என்றே நிறுத்தலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். படிவத்தின் தலைப்பில் அது ஏவலாக ஒலிக்கிறது, ஆகவே விட்டுவிட்டேன்.

இதில் ஒரு குறை இருப்பதை மறைக்கவில்லை. சுவரை எடுப்பது மட்டும்தான் வேலை, எதையும் கட்டவில்லை என்றால் அது கட்டலா? மின்கம்பி வழியை மாற்றுவது கட்டலா? இரண்டாவதற்கு விடை எளிது. பல இடங்களில் மின்பணிக்கும் குழாய்ப்பணிக்கும் தனித்தனி அனுமதி இருப்பதால் அவை அந்தந்தப் பெயரிலேயே போகும். முதலாவதில் சொல் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பாரம் தாங்கும் சுவரை எடுத்தால் அதற்கு ஈடாக உத்தரமோ தூணோ வந்தாகவேண்டும் என்பதால் அந்தக் குறையோடு ஏற்கலாம் என்பது என் கருத்து. கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து சோதித்துச் சொல்லுங்கள்.

வண்ணம், ஓடு, அலமாரி வகையறாவுக்கு 'மெருகுப்பணி' என்று வைத்துக்கொண்டால், 'மெருகுப்பணிக்கு அனுமதி தேவையில்லை, மாற்றிக்கட்டலுக்குத் தேவை' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 'புதுப்பித்தல்' என்ற சொல்லைப் படிவத்துக்குள் அனுமதியின் காலத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம். வெளியே மக்கள் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும்.

அனுமதி என்பதை இசைவு என்று மாற்றவேண்டும் என்ற கோரிக்கையை நான் எதிர்க்கவில்லை, ஆனால் இந்த இழையில் வேண்டாம். அனுமதி ஊன்றிவிட்டது. உரிமம் என்பதை மட்டும் இங்கே கலக்கவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். உரிமம் தொழில் செய்யும் ஆளுக்கு, அனுமதி ஒரு மனையில் நடக்கும் ஒரு வேலைக்கு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே ஒவ்வொரு வேலைக்கும் தனியாக அனுமதி வாங்கவேண்டும். இலங்கை வழக்கில் அனுமதிப்பத்திரம் இரண்டையும் குறிப்பதால் அங்கிருந்து எழுதும் நண்பர்கள் இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று சொல்லவேண்டும்.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போடுவதற்கு முன்பும், சுவருக்குள் குழாயும் மின்கம்பியும் ஓடியபின் பூச்சு வேலைக்கு முன்பும் ஆய்வாளர் வந்து பார்க்கவேண்டும். மூடிவிட்டால் பிறகு உடைத்துத்தான் காட்டவேண்டியிருக்கும். இதை 'இடைக்கால ஆய்வு' என்று ஒரு வரைவில் பார்த்தேன். எப்போது அழைக்கவேண்டும் என்பதே அதில் இல்லை. 'மூடுமுன் ஆய்வு' என்று எழுதிப் பார்த்தேன், என் கண்ணுக்குச் சரியாகவே படுகிறது. மறைப்புமுன் ஆய்வு என்பதைவிட நாவுக்கும் எளிது.

கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்குப் 'பயன்மாற்றம்' போதுமா, 'பயன்பாட்டு மாற்றம்' என்றே நீட்டவேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. வீட்டைக் கடையாக்கும்போது ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல் அனுமதி தேவைப்படும் வகை இது. அதனால் 'கட்டல்' வரிசையில் சேராமல் தனியாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்துகள் வந்தால், திருத்திய படிவத்தை இங்கேயே இடுகிறேன்.

அன்புடன்.