செர்பியன் பக்கத்தில் சாய்வெழுத்து மட்டும் ரஷ்யன் மாதிரி வருகிறது, ஃபான்ட்டில் பழுதா?

பக்கவடிவு:
ஐந்து மொழிகளில் வரும் ஒரு தளத்துக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். அதில் ரஷ்யன், செர்பியன், பல்கேரியன் மூன்றும் உண்டு, மூன்றும் சிரில்லிக் எழுத்துமுறை என்பதால் ஒரே ஃபான்ட் குடும்பத்தைப் போட்டிருக்கிறேன். செர்பியன் பிழைதிருத்துபவர் நிமிர்ந்த எழுத்தில் ஒரே ஒரு எழுத்தைத்தான் குறை சொன்னார், ஆனால் சாய்வெழுத்தில் வரும் மேற்கோள்கள் எல்லாம் "ரஷ்யன் மாதிரி இருக்கிறது, எங்கள் ஆட்கள் இப்படி எழுத மாட்டார்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பல்கேரியன் பக்கத்தைப் பார்த்தவரோ சாதாரண எழுத்தே அந்நியமாக இருக்கிறது என்கிறார். யூனிகோட் குறியெண்களை (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்) சரிபார்த்தேன், மூன்று மொழியிலும் அதே எண்கள்தான். அப்படியென்றால் தவறு எங்கே? மேலே கோடு போட்ட ஆங்கில யூ ஒன்று லத்தீன் பகுதியில் இருக்கிறது, செர்பியன் சாய்வு எழுத்து அச்சு அசல் அதே மாதிரி இருக்கிறதே, அதை எடுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

கோட்டுரு:
கடைசியில் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது, எழுத்துப்பிழை பார்க்கும் கருவி திணறும், திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்குச் சொல்லே உடைந்துபோகும். எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, மாற வேண்டியது அதன் உருவம் மட்டும்.

ரஷ்யன் சாய்வில் 'த' ஒலிக்கான எழுத்து ஆங்கில சின்ன எம் போல இருக்கும், 'ப' ஒலிக்கானது என் போல, 'இ'க்கானது யூ போல. மூன்று மொழிகளிலும் உள்ள 'திப்' என்ற மூன்றெழுத்துச் சொல்லை ரஷ்யன் சாய்வில் போட்டால் எம், யூ, என் என்று நிற்கும். செர்பியனில் 'த' எம்மைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே ஒரு கோடு போட்டதுபோல வரும், 'ப' கோடு போட்ட யூ. அந்தக் கோடு அலங்காரத்துக்கு இல்லை. கோட்டை எடுத்துவிட்டால் 'த' 'ஷ'வாகிவிடும், 'ப' 'இ'யாகிவிடும். 'க' ஒலி (கங்கையின் இரண்டாவது க) புள்ளியில்லாத ஐ மேல் கோடு. 'ட' ஒலி (வண்டியில் வருவது) ஆங்கில ஜி போல, ரஷ்யன் அச்சுச் சாய்விலோ அது 6ஐக் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இருக்கும். மாசிடோனியனுக்கும் இதே கதைதான். நிமிர்ந்த எழுத்தில் மாறும் அந்த ஒன்று 'கம்பம்' என்பதில் ம்-க்குப் பின் வரும் 'ப', உங்கள் திருத்துபவர் குறை சொன்னது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

யூனிகோட் இவற்றைத் தனித்தனி எழுத்தாகக் கருதவில்லை, ஒரே எழுத்தின் வட்டார வடிவங்கள் என்று விட்டுவிட்டது. நம் பழைய 'லை', 'னை' தும்பிக்கை வடிவங்களும் 1978 சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவங்களும் ஒரே குறியெண்களில் உட்கார்ந்திருக்கின்றன, எதைக் காட்டுவது என்பதை ஃபான்ட் தீர்மானிக்கிறது, அதே ஏற்பாடுதான் இங்கும். ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் கோப்பு வகையில் இதற்கென்றே எல்.ஓ.சி.எல் என்று ஒரு ஃபீச்சர் உண்டு. உரை எந்த மொழி என்று தெரிந்தால் ஃபான்ட் தானாக உருவத்தை மாற்றிக்கொள்ளும், ஆனால் அந்த மொழியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் எச்.டி.எம்.எல்-இல் லாங் பண்பில் (பக்கத்தின் மொழியைச் சொல்லும் இடம்) என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பக்கவடிவு:
பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ஆங்கிலம் என்றே இருக்கிறது, டெம்ப்ளேட்டில் இருந்து வந்தது. செர்பியனுக்கு எஸ்ஆர், பல்கேரியனுக்கு பிஜி என்று மாற்றினேன். என் கணினியில் உடனே எல்லாம் சரியாகிவிட்டது, தளத்தில் ஏற்றிப் பார்த்தால் பழையபடி ரஷ்யன் உருவமே வருகிறது! கேஷ் எல்லாம் அழித்துவிட்டேன்.

ஓலைநறுக்கு:
தளத்து விஷயத்துக்கு வேறு யாராவது வருவார்கள், நான் பல்கேரியன் பற்றிச் சொல்கிறேன், அது வேறு வகை, பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

செர்பியனில் பெரும்பாலும் சாய்வு மட்டும்தான் சிக்கல். பல்கேரியனில் நிமிர்ந்த சின்ன எழுத்துகளே மாறும். 1708இல் பீட்டர் பேரரசர் கொண்டுவந்த சிவில் எழுத்து லத்தீன் அச்செழுத்தைப் பார்த்துச் செய்தது, அதன் சின்ன எழுத்துகளில் பல இன்றுவரை பெரிய எழுத்தைச் சுருக்கி வைத்த மாதிரிதான் இருக்கின்றன. ஒரு ரஷ்யன் வரியைத் தள்ளி நின்று பாருங்கள், மேலே கீழே நீட்டல் குறைவாக, செங்கல் அடுக்கியதுபோல ஒரே உயரமாகத் தெரியும். 1960களில் வாசில் யோன்சேவ் போன்ற பல்கேரிய வடிவமைப்பாளர்கள் கையெழுத்தில் இருந்த உருவங்களை நிமிர்ந்த அச்செழுத்துக்குள் கொண்டுவந்தார்கள். 'வ', 'க' (கங்கையின் முதல் க), 'ஜ', 'யு' ஒலி எழுத்துகளுக்கு மேலே நீட்டல் வந்தது, 'ட' (வண்டியில் வருவது) ஜி போல ஆனது, 'ல' கூரை மாதிரி முக்கோணமானது. சொல்லுக்கு ஒரு மேடு பள்ளம் கிடைத்தது. நான் அதை மிகவும் நேசிக்கிறேன். கோட்டுரு சொன்ன 'திப்' இங்கே நிமிர்ந்த எழுத்திலேயே எம், யூ, என் என்று நிற்கும்.

ஆனால் ஒன்று. பல்கேரியாவிலேயே ரஷ்யன் உருவத்தில் அச்சான புத்தகங்களும் பலகைகளும் ஏராளம், அதைப் படிப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. அதனால் செர்பியனில் இருப்பதுபோல இது சரி தவறு என்ற விஷயமில்லை, விருப்பமும் அடையாளமும் கலந்தது. 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அங்கே நுழைந்த சிரில்லிக் தங்களுடைய உருவத்தில் தெரியவேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். உங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் ஃபான்ட் ஒத்துவராவிட்டால் சோஃபியா சான்ஸ் பாருங்கள், பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்காகவே செய்தது, இலவசமாகக் கிடைக்கிறது.

வளைகோடு:
ஃபான்ட் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கணினியில் சரி, தளத்தில் இல்லை என்றால் ஃபான்ட் கோப்பு சப்செட் ஆகியிருக்கும். கோப்பு சின்னதாக வேண்டும் என்று தேவையான குறியெண்களை மட்டும் வைத்து வெட்டுவார்கள். மாற்று உருவங்களுக்குச் சொந்தக் குறியெண் கிடையாது அல்லவா, சில கருவிகள் அவற்றை வேண்டாதவை என்று நினைத்து ஃபீச்சரோடு சேர்த்து எறிந்துவிடும். வெட்டும் இடத்தில் எல்.ஓ.சி.எல்லை வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு வழி இருக்கும், அதைப் போட்டு மறுபடி வெட்டுங்கள்.

அப்புறம், தளத்தில் மாசிடோனியன் வந்தால் தனியாகச் சோதியுங்கள். ஓப்பன்டைப்பில் செர்பியனுக்கும் மாசிடோனியனுக்கும் வேறு வேறு மொழிக்குறி, செர்பியனுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறந்த ஃபான்ட்களைப் பார்த்திருக்கிறேன். மாசிடோனியனில் 'க' (கங்கையின் இரண்டாவது க) மேல் சாய்கோடு வைத்த ஓர் எழுத்து உண்டு, செர்பியனில் அது இல்லை, அதனால் அடிப்படை 'க' மாறியிருக்கும், இது மட்டும் ரஷ்யன் உருவத்திலேயே நிற்கும், ஒரே வரியில் இரண்டும் வரும்போது கண்ணை உறுத்தும். இன்னொன்று, மொழியை மாற்றியதும் லிகேச்சர் (இரண்டு எழுத்து ஒட்டி ஒரே உருவமாவது) போன்றவை காணாமல்போனால் அதுவும் ஃபான்ட்டின் கோளாறுதான். ஒரு மொழிக்குத் தனிப் பட்டியல் வைத்தால் பொதுவான ஃபீச்சர்களை அதில் மறுபடி சேர்க்கவேண்டும், தானாக வராது.

பக்கவடிவு:
சப்செட்தான். ஃபீச்சரை வைத்து மறுபடி வெட்டினேன், தளத்திலும் சரியாகிவிட்டது. ஆனால் தலைப்புகளில் மட்டும் சாய்வு இன்னும் மாறவில்லையே? அங்கே வேறு ஃபான்ட், சான்ஸ் வகை (எழுத்து நுனிகளில் சிறு கோடுகள் இல்லாதது).

கோட்டுரு:
அதன் சாய்வு தனியாக வரைந்த உண்மையான இத்தாலிக்கா, நிமிர்ந்ததைச் சும்மா சாய்த்ததா என்று பாருங்கள். சாய்த்தது என்றால் 'த' ரஷ்யனிலும் எம் ஆகாது, அதே நிமிர்ந்த உருவம்தான் சாய்ந்து நிற்கும், மாற்ற எதுவும் இல்லை, அந்த ஒற்றை 'ப'வைத் தவிர.

பக்கவடிவு:
ஆமாம், சாய்த்ததுதான். அந்த 'ப' மாறியிருக்கிறது, இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கங்களையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டேன், பல்கேரியன் இரண்டு உருவத்திலும்.