குடியாத்தம் வீடு (குழு): கவின் மொட்டை எப்போது?

(புதன், ஏப்ரல் 29. என் பெண் யாழினி லீவுக்கு அம்மா வீட்டில் இருக்கிறாள், நான் சென்னையில். அம்மா தானாகத் தட்டச்சு செய்யமாட்டாள். அவள் சொல்லச் சொல்ல பாபு அண்ணன் மகன் மித்ரன் தட்டுவான். வயது ஒன்பது, முற்றுப்புள்ளி வைக்கிற பழக்கம் இல்லை. கவின் என் தங்கை கவிதாவின் பிள்ளை, பிரபு அவள் கணவர்.)

சேகர்: பத்திரிகை ரெடி. எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள். மே 10 ஞாயிறு, சோளிங்கர், கவினுக்கு மொட்டை, காது குத்து. நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கணும்.

சேகர்: (படம்)

சுமதி அண்ணி: நல்லா இருக்கு

கவிதா: அண்ணா, கவிண் என்று மூன்று சுழி போட்டிருக்கிறாய்

சேகர்: எங்கே

கவிதா: பெரிய எழுத்தில், நடுவில்

பெரியப்பா: ரெண்டு சுழி ன. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறாய் சேகர்?

சேகர்: பெரியப்பா, வடிவமைத்தவர் போட்டது. மாற்றச் சொல்கிறேன்.

பாபு அண்ணன்: தாய்மாமன் பெயர் ஒன்றுதான் இருக்கு

பாபு அண்ணன்: அதுவும் உன் பெயர்

சேகர்: அண்ணா, உன் பெயர் கீழே "மற்றும் உறவினர்கள்" வரிக்கு மேல் இருக்கு, பார்

பாபு அண்ணன்: பார்த்தேன். நல்லா இருக்கு.

(அண்ணன் "நல்லா இருக்கு" என்று முற்றுப்புள்ளியோடு எழுதினால் நல்லா இல்லை என்று அர்த்தம்.)

அம்மா: மே பத்தா அக்கினி நட்சத்திரம் நாலாம் தேதி ஆரம்பம் ஆகுதே யார் இந்த தேதி வைத்தது அக்கினியில் குழந்தை தலையில் கத்தி வைக்கலாமா

அம்மா: பாட்டி கோபமாக இருக்கிறாங்க இது நான் மித்ரன்

கவிதா: அம்மா, போன மாதமே சொன்னோமே. அவர் வருவதே எட்டாம் தேதி ராத்திரிதான்.

பிரபு மாப்பிள்ளை: டிக்கெட் போட்டாச்சு அத்தை

அம்மா: போன மாதம் சொன்னது மே மாதம் என்று தேதி சொல்லவில்லை

நான்: அப்படியானால் மூன்றாம் தேதி ஞாயிறு? அக்கினிக்கு ஒரு நாள் முன்னால்.

கவிதா: அக்கா, அப்பா இல்லாமல் மொட்டையா

நான்: சரி சரி. தெரியாமல் சொல்லிவிட்டேன்.

சுமதி அண்ணி: அக்கினி முடிந்து 31ஆம் தேதி வைக்கலாமே. அதுவும் ஞாயிறுதான்.

கவிதா: 24ஆம் தேதி பன்னிரண்டாம் மாதம் பிறந்துவிடும் அண்ணி. ஒற்றைப்படை மாதம் வேண்டும் என்று சொன்னதே அம்மாதான். அவர் லீவும் 25 வரைக்கும்தான்.

சுமதி அண்ணி: எங்கள் வீட்டில் மூன்றாம் வயதில்தான் அடிப்போம். அவசரம் இல்லை.

(இதற்கு யாரும் பதில் போடவில்லை. பெரியப்பா மட்டும் நான்கு நிமிடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.)

பெரியப்பா: எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். அக்கினி நட்சத்திரம் என்பது சூரியன் பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் நுழைந்ததிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் முதல் பாதத்தை விடும் வரை. மே 4 முதல் 28 வரை, 25 நாள். கார்த்திகைக்கு அதிதேவதை அக்கினி, அதனால்தான் அந்தப் பெயர். கிணறு வெட்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, வீடு கட்டத் தொடங்கக் கூடாது, மொட்டை, காது குத்து கூடாது என்றெல்லாம் சொல்வது வெயிலில் மனிதன் வதங்கக் கூடாது என்பதற்காக. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றைக்கு? வைகாசி 1. அது அக்கினிக்கு நட்டநடுவில் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வெயிலில்தான் அம்மன் சிரசு ஊர்வலம் போகிறது. அம்மனுக்கு இல்லாத அக்கினி கவினுக்கு எங்கிருந்து வந்தது?

சேகர்: பெரியப்பா சூப்பர்

அம்மா: அது அம்மன் இது குழந்தை

பாபு அண்ணன்: முடிந்தது

பிரபு மாப்பிள்ளை: வெயில் எப்படி அங்கே

அப்பா: வேலூர் வெயிலூர்.

சேகர்: காலை ஆறு மணிக்கே மலையடிவாரத்தில் இருந்தால் ஏழுக்குள் மொட்டை முடிந்துவிடும். சந்தனம் பூசினால் குளுகுளு. அப்புறம் ரோப்காரில் மேலே போய்த் தரிசனம்.

பெரியப்பா: ரோப்கார் 2024இல் வந்தது. அதற்கு முன் பெரிய மலைக்கு 1305 படி ஏறித்தான் ஆகவேண்டும். சின்ன மலை ஆஞ்சநேயர் 406 படி. ஊர்ப் பெயரே கடிகாசலம். கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். அந்த மலையில் ஒரு நாழிகை இருந்தாலே முக்தி என்பார்கள்.

நான்: கவின் 24 நிமிடம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கே முக்திதான்

அம்மா: சேகருக்கு மொட்டை அடித்தபோது அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு 1305 படியும் ஏறினேன் வேண்டுதல் அப்போது ரோப்கார் எல்லாம் இல்லை

பாபு அண்ணன்: நானும் கூட ஏறினேன். எனக்கு ஐந்து வயது. செருப்பு இல்லாமல்.

பாபு அண்ணன்: அதை யாரும் சொல்லமாட்டீர்கள்

அம்மா: நீ பாதியில் உட்கார்ந்து அழுதாய் உன்னை உன் அப்பாதான் தூக்கினார்

அப்பா: 600 படி.

சேகர்: அப்பா எண்ணியிருக்கிறார்

பாபு அண்ணன்: சரி, இப்போது மடி விஷயத்துக்கு வருவோம். யார் மடியில் உட்காரவைப்பது?

கவிதா: அண்ணா ப்ளீஸ்

பாபு அண்ணன்: யாழினி காது குத்து ரத்தினகிரியில். அன்றைக்கு நான் ஆம்பூரில் இருந்து பட்டுச் சட்டை, வெள்ளிக் கொலுசு, பலாப்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வந்து பார்த்தால் காது குத்தி, ரத்தம் காய்ந்து, குழந்தை தூங்குகிறது. சேகர் மடியில்.

சேகர்: பத்தர் அடுத்த வீட்டுக்குப் போகணும் என்று நின்றார் அண்ணா. ஆறு வருடமாகச் சொல்கிறேன்.

பாபு அண்ணன்: பலாப்பழத்தைத் திரும்ப ஆம்பூருக்கே எடுத்துப் போனேன்

நான்: இல்லை அண்ணா, பலாப்பழத்தை இங்கே வைத்துவிட்டுத்தான் போனாய். நாங்கள்தான் சாப்பிட்டோம்.

சுமதி அண்ணி: கொட்டை கூட எங்களுக்கு வரவில்லை

அம்மா: யாழினி பல் விழுந்துவிட்டது

நான்: என்ன??

நான்: எப்போது

அம்மா: இப்போதுதான் பெரிய தாத்தா கொண்டுவந்த மக்கன் பேடா சாப்பிடும்போது கீழ்ப் பல் முன்னாடி இருப்பது ரத்தம் கொஞ்சம் அழவில்லை சிரிக்கிறாள் இது நான் மித்ரன் நான்தான் முதலில் பார்த்தேன்

நான்: போட்டோ போடு மித்ரன். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் சனிக்கிழமை வந்து பிடுங்கலாம் என்று இருந்தேன்.

கவிதா: அக்கா நீ அழுகிறாயா

நான்: இல்லை

நான்: கொஞ்சம்

பெரியப்பா: ஆற்காடு மக்கன் பேடா பாகில் ஊறி மெத்தென்று இருக்கும். அதில் பல் விழாது. நடுவில் வைக்கிற முந்திரியில் விழுந்திருக்கும்.

அம்மா: பல்லைக் காணவில்லை சாணியில் வைத்து ஓட்டின் மேல் போடணும் பல் இல்லாமல் எதைப் போடுவது எல்லாரும் தேடுகிறோம்

சேகர்: விழுங்கிவிட்டாளோ

நான்: சேகர் வாயை மூடு

பெரியப்பா: விழுங்கினாலும் பயப்பட ஒன்றும் இல்லை சுதா. பால்பல் சின்னது, தானாக வெளியே வந்துவிடும்.

பாபு அண்ணன்: மடி விஷயம்

(இங்கே வேன்காரர் கேட்டதைச் சேகர் போட்டான். குடியாத்தத்தில் இருந்து காட்பாடி, திருவலம் வழியாகப் போய்வர வண்டி. இன்று இரவுக்குள் சொல்லணுமாம். ரயிலில் போகலாம் என்றார் சுமதி அண்ணி. சோளிங்கர் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, பாணாவரம் பக்கம் என்று பெரியப்பா அதற்கு ஒரு பாரா எழுதினார். வெட்டிவிட்டேன்.)

சேகர்: குரங்கு ஜாஸ்தி. பால் புட்டி, பழம் எதுவும் கையில் தெரியக் கூடாது.

கவிதா: பெரியப்பா, நீங்கள் சோளிங்கர் வேலூர் மாவட்டம் என்று பத்திரிகையில் எழுதச் சொன்னீர்களாமே. அது ராணிப்பேட்டை மாவட்டம்.

பெரியப்பா: 2019இல் பிரித்தார்கள், தெரியும். பிறந்த வீடு வேலூர் மாவட்டம், புகுந்த வீடு வாணியம்பாடி என்பதால் திருப்பத்தூர் மாவட்டம், குலதெய்வம் ராணிப்பேட்டை மாவட்டம். ஒரு மொட்டைக்கு மூன்று கலெக்டர்.

அப்பா: எனக்கு வட ஆற்காடு.

நான்: ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டைக்குப் போனார்களே, என்ன ஆச்சு? யாழினி போனில் "சாமி வீடு மாறி வந்துச்சாம்" என்றாள். புரியவில்லை.

பெரியப்பா: சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல்தான் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று ஊரையே கிண்டல் செய்வார்கள். அதில் ஒன்று அன்றைக்கு அடிபட்டுப்போனது. இதைச் சொன்னதும் யாழினி கேட்டாள்: "சாமி லாரியில் வந்துச்சா, நடந்து வந்துச்சா?" 1806 சிப்பாய்ப் புரட்சி சொன்னேன், காதில் வாங்கவில்லை. மித்ரன் கல்யாண மண்டபத்து யாளி வாயில் கையை விட்டுக்கொண்டு எடுக்கவில்லை. மியூசியத்தில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றான். "இதெல்லாம் யார் கொடுத்தாங்க? நான் கொடுத்தா வைப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

பாபு அண்ணன்: என் பிள்ளை

சுமதி அண்ணி: அமிர்திக்கும் கூட்டிப்போவதாகச் சொன்னீர்களே மாமா

பெரியப்பா: மான், மயில் பார்க்கலாம். இந்த வெயிலில் அருவியை நம்பி யாரும் துண்டு எடுத்துவர வேண்டாம்.

அம்மா: எல்லாரும் வீடியோ பாருங்கள் எல்லாரும் எல்லாரும்

அம்மா: (வீடியோ, 19 விநாடி)

கவிதா: அய்யோ

கவிதா: நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன்

சேகர்: நடக்கிறான்டா!!

சுமதி அண்ணி: திருஷ்டி சுற்றிப் போடுங்கள் அத்தை

நான்: நான்கு அடி. நான்காவது அடியில் உட்கார்ந்துவிட்டான். எதைப் பிடிக்கப் போகிறான் அது?

அம்மா: தாத்தா செருப்பு

அப்பா: இடது.

பெரியப்பா: பதினோராம் மாதத்தில் நடப்பது சரியான நேரம்தான். பாபு ஒன்றரை வயது வரை நடக்கவில்லை.

பாபு அண்ணன்: இதுவும் இப்போது தேவையா பெரியப்பா

பிரபு மாப்பிள்ளை: பார்த்தேன்

பிரபு மாப்பிள்ளை: இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்கள் அத்தை

அம்மா: இப்போது தூங்கிவிட்டான் மாப்பிள்ளை எழுந்ததும் எடுக்கிறோம்

பிரபு மாப்பிள்ளை: சரி அத்தை

(கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை.)

பாபு அண்ணன்: மாப்பிள்ளை, நீங்கள் எட்டாம் தேதி எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? சென்னை ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி எடுத்து வருகிறேன். ஷிப்டு மாற்றிக்கொள்வேன்.

பிரபு மாப்பிள்ளை: ராத்திரி பதினொன்று மச்சான். எதற்கு சிரமம்

பாபு அண்ணன்: சிரமம் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை நேரத்துக்கு வருவேன்.

சேகர்: அண்ணா, மொட்டைக்கு உன் மடி. காது குத்துக்கு என் மடி. சரியா?

பாபு அண்ணன்: மாற்று. காது குத்து என் மடி.

சேகர்: அப்படியானால் ஒரு காது நீ, ஒரு காது நான்

கவிதா: குழந்தையைக் கூறு போடாதீர்கள்

அம்மா: பத்தாம் தேதி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை நாளைக்குக் கோயில் அய்யரைக் கேட்கிறேன் அவர் சரி என்றால் சரி இல்லை என்றால் மூன்று முடி மட்டும் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைப்போம் மொட்டை அடுத்த வருடம்

சுமதி அண்ணி: நான் முதலிலேயே சொன்னேன்

கவிதா: மூன்று முடியா? அதுவும் கத்திதானே அம்மா

அம்மா: கத்தரிக்கோல்

பெரியப்பா: சாஸ்திரப்படி பார்த்தால்

சேகர்: பெரியப்பா ஒரு நிமிடம். பத்திரிகை அடிக்கலாமா வேண்டாமா? வேன்காரருக்கு என்ன சொல்ல?

சேகர்: அன்றைக்கு ரோப்கார் ஓடுமா என்று யாராவது விசாரித்தீர்களா?

சேகர்: ஹலோ

பாபு அண்ணன்: மறுநாள் எங்கள் வீட்டில் பிரியாணி. சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு. அது மட்டும் உறுதி.

பிரபு மாப்பிள்ளை: அதற்குத்தான் வருகிறேன் மச்சான்

கவிதா: அதற்குத்தானா

அம்மா: சுதா பல் கிடைத்தது

நான்: எங்கே?

அம்மா: மித்ரன் சட்டைப் பையில்

நான்: மித்ரன்!

அம்மா: அத்தை நான் திருடவில்லை மியூசியத்துக்குக் கொடுக்க வைத்திருந்தேன் சீட்டில் பெயரும் எழுதிவிட்டேன் யாழினி குடியாத்தம் பால்பல்

பெரியப்பா: பால்பல்லுக்கு எந்த ல் போட்டிருக்கிறான்?