புதுப்பிப்பு: மகளின் இதய அறுவை முடிந்து 6 மாதம்

என் 9 வயது மகளுக்கு அயோர்டா (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வால்வுக்குக் கீழே ஒரு சவ்வு வளர்ந்து ரத்தம் போகும் வழியை அடைக்கிறது, அறுவைக்குச் சம்மதிக்கலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். ஜூலைக் கடைசியில், இங்கே டர்பனிலேயே, செய்துவிட்டோம்.

இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து, அயோர்டாவைக் கீறி, வால்வின் இதழ்களை ஒதுக்கிக்கொண்டு சவ்வை வெட்டி எடுத்தார்கள். கூடவே தடித்த தசையிலும் ஒரு சீவல். நான் பயந்தது அதற்குத்தான். துடிப்புக்கான மின் இழை அதை ஒட்டியே ஓடுகிறது. கத்தி பட்டால் ஆயுளுக்கும் பேஸ்மேக்கர். நல்லவேளை, படவில்லை. எக்கோவில் (இதய ஸ்கேன்) அடைப்பின் இரு பக்கமும் உள்ள ரத்த அழுத்த வேறுபாடு 62 மி.மீ.யிலிருந்து 14-க்கு இறங்கிவிட்டது.

பலூனை உள்ளே விட்டு அடைப்பை விரித்தால் போதாதா என்று கேட்ட சாட்ஸ்வர்த் அக்காவுக்கு: தசையும் தடித்திருந்ததால் டாக்டர் வேண்டாம் என்றார்.

வால்வில் லேசான கசிவு உண்டு. ரத்தம் வேகமாக மோதி மோதி இதழ் கெட்டதாம். சவ்வு மறுபடி வளரவும் கூடும், அதனால் வருடா வருடம் எக்கோ. சரி, அது பழகிவிடும்.

கோவில் ஆடிக் கஞ்சியை அவள் தவறவிட்டாள். பாட்டி டப்பாவில் வார்டுக்கே கொண்டுவந்தார். நர்ஸ்தான் பாதியைக் குடித்தார்.