பக்கத்து லேனைப் பார்க்காதே

உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற கையோடு, இரண்டு ஓட்டக்காரிகளின் போட்டியைச் சொல்லும் ஒரு படத்துக்காக, நடிகைகள் இருவருக்கு 100 மீட்டர் ஓட்டம் கற்றுத்தரும் வேலை எனக்கு வந்தது. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் காலை வைத்து, கோட்டுக்குப் பின்னால் விரல்களை ஊன்றி, 'செட்' என்றதும் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்பதற்கே முதல் வாரம் போய்விட்டது. நாயகியின் முழங்காலில் சிந்தெடிக் தளத்தின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருக்கும். வில்லியாக நடித்தவரோ ஸ்பைக்ஸ் என்ற ஆணி வைத்த காலணி பழகாததால் தன் கெண்டைக்காலைத் தானே கீறிக்கொண்டார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டதைச் சொன்ன பிறகுதான், முடிவுக்கோட்டில் நெஞ்சை முன்தள்ளச் சொல்வது ஏன் என்று இருவருக்கும் உறைத்தது.

இயக்குநரோடு மனத்தாங்கல் வந்தது ஒரே ஒரு ஷாட்டில்தான். அறுபதாவது மீட்டரில் இருவரும் திரும்பி ஒருவரையொருவர் முறைக்க வேண்டும் என்றார்.

"தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் வேகம் போய்விடும். பக்கத்து லேனைப் பார்க்காதே என்பதுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கே முதல் பாடம்" என்றேன்.

"படம் பார்க்கிறவனுக்கு யார்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிய வேண்டாமா, டீச்சர்?" என்று கேட்டார்.

அவருக்கு நான் உஷாவையும் லிடியா டி வேகாவையும் பற்றிச் சொன்னேன். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா முதலிடம், உஷா இரண்டாமிடம். 1985-இல் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா அந்தக் கணக்கைத் தீர்த்தார். மறு ஆண்டே சியோல் ஆசிய விளையாட்டில் லிடியா 11.53 நொடியில் ஓடி மறுபடி முந்தினார். அன்று கல்லூரி விடுதித் தொலைக்காட்சியின் முன் அவரைத் திட்டாதவர்கள் எங்களில் யாரும் இல்லை. அதே சியோலில் 200 மீட்டரில் அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளி உஷா தங்கம் வென்றபோது நாங்கள் போட்ட கூச்சலில் வார்டன் அம்மா ஓடி வந்துவிட்டார். லிடியாவும் எளிய வீட்டுப் பெண்தான், தந்தையிடமே பயிற்சி பெற்றவர் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. 2022-இல் அவர் புற்றுநோயால் காலமான செய்தியைப் படித்தபோது, அந்தத் திட்டுகளை நினைத்துக் கொஞ்சம் கூசியது.

லிடியாவின் கதை 1982-இலேயே அவர் நாட்டில் படமாகி, அவரே அதில் நடித்துமிருக்கிறார். இந்த இருவர் போட்டியை மணிலாவில் படமாக்கினால், பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய நம் உஷாவுக்கு என்ன வேடம் கொடுப்பார்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் சிரித்தார், ஆனால் ஷாட்டை மாற்றவில்லை.

ஏழு டேக் எடுத்தார்கள். ஆறிலும் இருவரும் ஒழுங்காக முறைத்தார்கள். ஏழாவதில் வில்லிப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, கழுத்தைத் திருப்பாமல் நேரே பார்த்து ஓடி, நாயகியை இரண்டடி பின்னால் விட்டுக் கோட்டைத் தாண்டினார், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தபடியே நெஞ்சை முன்தள்ளி. அந்த டேக் படத்தில் இல்லை.