எல்லிஸ் அறிக்கைப்படி நாங்கள் "பிழைக்க வந்தவர்கள்" ஆமே, உண்மையா?

கிளியாற்றுக்காரி:
மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். குடமுழுக்கு மலருக்காக ஊர் வரலாறு எழுதுகிறார்கள். "ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று வேளாளரைக் குடியேற்றினான், நிலமெல்லாம் அவர்கள் காணி, மற்றவர்கள் பிழைக்க வந்தவர்கள்" என்று வரைவில் இருக்கிறது. ஆதாரம், மிராசு என்னும் நில உரிமை பற்றி எல்லிஸ் துரை எழுதி 1818-ல் அச்சான அறிக்கையாம். நான் சேரியில் பிறந்தவள். ஏரிக்கரைக் கழனியில் ஆயுசு முழுக்க நாற்று நட்டவள் என் ஆயா. "வெள்ளைக்காரனே எழுதிட்டான்" என்றதும் கூட்டத்தில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். நான் என்ன பதில் சொல்ல?

ஓலைச்சுவடி:
அக்கா, அந்த அறிக்கை எதற்காக எழுதப்பட்டது என்று முதலில் கேளுங்கள். சென்னை அரசு கேட்ட 17 கேள்விகளுமே மிராசு உரிமை பற்றியவை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸும், அவருடைய சிரஸ்தார் (தலைமை அலுவலர்) சங்கரய்யாவும் பதில் எழுதினார்கள். அதற்கு முன்பு, 1790-களில், செங்கல்பட்டு ஜாகீரில் (ஆற்காட்டு நவாப் கம்பெனிக்குக் கொடுத்த பகுதி) கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் தீர்வைக்கு இணங்காத மிராசுதார்களை நீக்கிவிட்டு வேறு ஆட்களிடம் நிலத்தைக் கொடுத்திருந்தார். மிராசு பரம்பரைச் சொத்தா, சர்க்கார் கொடுத்த சலுகையா என்று அப்போது பெரிய வழக்காடலே நடந்தது. சொத்துதான் என்று நிறுவ வந்தவர் எல்லிஸ். ஆதொண்டை கதையும் அந்த வாதத்துக்காகத்தான் அதில் வருகிறது. வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை அது. யார் முதலில் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

அதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற பொறியாளர் இதே ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள்தான் அடிப்படை. ஏரி, நஞ்சை, புஞ்சை, மானியம், சாதிவாரியாக வீடுகள் என்று எல்லாம் அதில் வருகின்றன. நெல் அடித்ததும் களத்திலேயே யார் யாருக்கு எவ்வளவு என்பதும் இருக்கிறது: கணக்கன், வெட்டியான், தச்சன், வண்ணான், குயவன். தங்கள் வேலைக்கு ஈடாக விளைச்சலில் பாத்தியதை உள்ளவர்கள் இவர்கள். பிழைக்க வந்தவனுக்கு யார் அக்கா களத்தில் பங்கு எழுதி வைப்பார்கள்?

பழைய தாசில்:
வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா, ட்ரெமன்ஹீர் குறிப்பையும் அவர்கள் முன்னால் வையுங்கள். அவரும் செங்கல்பட்டுக் கலெக்டர்தான். 1891-ல் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு எழுதினார். தரிசு கேட்டு தர்க்காஸ்து (நிலம் கேட்கும் மனு) போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை. சேரிக்காரர் கேட்ட நிலத்தை மிராசுதார் தனக்கென்று மறித்துவிடலாம். குடிசை போட்ட மனையும் சொந்தமில்லை, பண்ணையை எதிர்த்தால் வீடும் போகும். இதையெல்லாம் ட்ரெமன்ஹீர் பச்சையாகவே எழுதினார். அடுத்த ஆண்டு வந்த அரசாணையில்தான், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. ஆக, உங்கள் ஆட்களுக்கு நிலம் இல்லாமல் போனதற்கு விதிகளே காரணம் என்று ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரே சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் எழுத்துதான் வேண்டுமென்றால் இதையும் அச்சடிக்கட்டும்.

கிளியாற்றுக்காரி:
ஐயா, தம்பி, ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறார்கள். களத்துப் பங்கும் 1891 குறிப்பும் மலரில் வரவேண்டும் என்று எழுதியே கொடுக்கப் போகிறேன். எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததா என்று எதில் பார்ப்பது?

பழைய தாசில்:
பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டை, ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரத்தையும் காட்டும் கிராம 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா. தாலுகா ஆபீசில் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். சர்வே எண் தெரிந்தால் மறக்காமல் குறிப்பிடுங்கள்.