பையோடைட்: வொர்க்கருக்குள் இன்புட் பிழை தருகிறது, முடிவிலா லூப்பை நிறுத்த முடியவில்லை. உதவி தேவை

வரிவரியாய் (கேள்வி கேட்டவர்):

வணக்கம். பைத்தான் பழகுபவர்களுக்கு ஒரு பயிற்சிப் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். இடப்பக்கம் நிரல் எழுதும் பெட்டி, வலப்பக்கம் வெளியீடு, மேலே 'ஓட்டு', 'நிறுத்து' என்று இரண்டு பொத்தான்கள். எதையும் நிறுவாமல் உலாவியைத் திறந்தாலே நிரல் ஓட வேண்டும். அதனால் உலாவிக்குள்ளேயே பைத்தானை ஓட்டும் பையோடைட் எடுத்தேன். சர்வரில் ஓட்டும் யோசனை வேண்டாம். யார் யாரோ எழுதும் நிரலை என் சர்வரில் ஓடவிட எனக்குத் துணிவில்லை.

முதலில் எல்லாம் பக்கத்தின் ஸ்கிரிப்டிலேயே இருந்தது. ஒரு மாணவர் 'வைல்' லூப் எழுதி, உள்ளே எண்ணைக் கூட்ட மறந்துவிட்டார். பக்கம் அப்படியே உறைந்துபோனது. 'நிறுத்து' கண்முன்னே இருக்கிறது, அழுத்தினால் நிறம்கூட மாறவில்லை. டேப்பை மூடியதும் அவர் அரைமணி நேரம் எழுதியதும் சேர்ந்து போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு இதைச் சரிசெய்யாமல் அடுத்த பாடம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கருக்கு மாற்றினேன். உறைவது நின்றது. ஆனால் இப்போது இன்புட் கேட்கும் வரி வந்தாலே 'ஓஎஸ்எரர், எர்னோ 29, ஐ/ஓ எரர்'. முன்பு உலாவியின் சிறு பெட்டி எழும்பியாவது கேட்டது. 'நிறுத்து' அழுத்தும்போது வொர்க்கருக்கு போஸ்ட்மெசேஜ் வழியே செய்தி அனுப்புகிறேன். லூப் முடிந்த பிறகுதான் அது போய்ச் சேர்கிறது. முடியாத லூப் என்றால் சேர்வதே இல்லை.

எங்கே தவறு செய்கிறேன்?

நூலேணி:

தவறு என்று சொல்ல மாட்டேன். இந்த வேலையில் இறங்கும் எல்லாரும் இதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்.

பையோடைட் என்பது சி மொழியில் எழுதிய அசல் சிபைத்தானையே எம்ஸ்கிரிப்டன் என்ற கம்பைலர் வழியாக, உலாவி ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றியது. 2018-ல் மொசில்லாவுக்குள் தொடங்கியது, 2021-ல் தனித் திட்டமானது. அசல் பைத்தான் என்பதால் அதன் குணமும் அசல்தான்: இன்புட் என்றால் பதில் வரும்வரை அந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கும். உலாவியின் குணம் நேர் எதிர். அங்கே யாரும் உட்காரக் கூடாது. வேலையை முடித்துக் கையைக் காலி செய்தால்தான் அடுத்த கிளிக், அடுத்த செய்தி எதையும் எடுத்துப் பார்க்கும்.

உங்கள் இரண்டு சிக்கலும் இங்கேதான் பிறக்கின்றன. போஸ்ட்மெசேஜ் வொர்க்கரின் வாசலில் வரிசையில் நிற்கிறது. உள்ளே லூப் கையைக் காலி செய்யவில்லை, அதனால் கதவைத் திறக்க ஆளில்லை. இன்புட்டும் அப்படியே. பக்கத்தில் இருந்தபோது எழும்பிய பெட்டி ப்ராம்ப்ட். அது வொர்க்கருக்குள் கிடையாது. படிக்க வழியில்லாததால் பைத்தான் ஐ/ஓ எரர் என்கிறது.

தீர்வு ஷேர்டுஅரேபஃபர். பக்கமும் வொர்க்கரும் ஒரே நினைவகத்தைப் பார்க்கும். செய்தி அனுப்ப வேண்டாம், ஒருவர் எழுதினால் மற்றவர் கண்ணில் படும்.

நிறுத்துவதற்கு: ஒரு பைட் அளவுள்ள ஷேர்டு பஃபரைப் பையோடைடின் செட்இன்டரப்ட்பஃபரிடம் கொடுங்கள். பொத்தானை அழுத்தும்போது பக்கத்திலிருந்து அதில் 2 என்று எழுதுங்கள். 2 என்பது சிக்இன்ட், டெர்மினலில் கன்ட்ரோல் சி அழுத்துவதற்குச் சமம். ஓடும் நிரலில் கீபோர்டுஇன்டரப்ட் எழும்பும். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் 0 ஆக்க மறக்காதீர்கள்.

இன்புட்டுக்கு: பைத்தான் உள்ளீட்டை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லும் செட்ஸ்டிடினில் உங்கள் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுங்கள். அது பக்கத்துக்கு 'பதில் வேண்டும்' என்று செய்தி அனுப்பிவிட்டு அட்டாமிக்ஸ்.வெயிட்டில் தூங்கட்டும். பயனர் எண்டர் தட்டியதும் பக்கம் பதிலைப் பஃபரில் எழுதி அட்டாமிக்ஸ்.நோட்டிஃபை சொல்லி எழுப்பட்டும். பக்கத்தின் மெயின் த்ரெட்டில் இந்த வெயிட்டுக்கு அனுமதி இல்லை, வொர்க்கரில் உண்டு. நீங்கள் வொர்க்கருக்கு மாறியது சரியான முடிவு.

பிட்டுக்குட்டி:

இவ்ளோ சுத்தி வளைக்கணுமா? நான் ஸ்கல்ப்ட் பயன்படுத்துறேன். அது பைத்தானை ஜாவாஸ்கிரிப்டா மாத்தி ஓட்டுது, நடுவுல நிறுத்தி வச்சுட்டு இன்புட் வந்ததும் தொடர்ற வசதி அதுலயே இருக்கு. டவுன்லோடும் ரொம்பக் கம்மி.

வரிவரியாய்:

@பிட்டுக்குட்டி ஸ்கல்ப்ட் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஆனால் பின்னால் நம்பை, பாண்டாஸ் என்ற தரவுக் கணக்கு நூலகங்களையும் சொல்லித்தர எண்ணம். அவை சி-யில் எழுதியவை, அங்கே வராது. பையோடைடில் தயாராக இருக்கின்றன.

@நூலேணி உங்கள் விளக்கம் மிகத் தெளிவு. செய்து பார்த்தேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டது: 'ஷேர்டுஅரேபஃபர் இஸ் நாட் டிஃபைன்ட்'. குரோம் புதியதுதான். உலாவியிலேயே இல்லாததுபோல் சொல்கிறதே?

கடையாணி:

உலாவியில் இருக்கிறது, உங்கள் பக்கத்துக்குத் தரவில்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை வெளியானபோது, ஷேர்டுஅரேபஃபரை வைத்து நுணுக்கமாக நேரம் அளந்து வேறு தளத்தின் தகவலை உருவ முடியும் என்று தெரிந்தது. உலாவிகள் எல்லாம் அதை மூடின. பிறகு, தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்ட பக்கத்துக்கு மட்டும் திறந்துவிட்டன: ஃபயர்பாக்ஸ் 79-ல், மேசைக்கணினி குரோம் 92-ல், சஃபாரி 15.2-ல்.

சர்வர் இரண்டு ஹெட்டர் (பக்கத்தை எப்படி நடத்த வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்பு) அனுப்ப வேண்டும். கிராஸ்-ஒரிஜின்-ஓப்பனர்-பாலிசி, மதிப்பு சேம்-ஒரிஜின். கிராஸ்-ஒரிஜின்-எம்பெடர்-பாலிசி, மதிப்பு ரிக்வயர்-கார்ப். தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், லோக்கல்ஹோஸ்ட் என்றாலும் சரி. கன்சோலில் கிராஸ்ஒரிஜின்ஐசொலேட்டட் என்ற மாறியைப் பாருங்கள். ட்ரூ வந்தால் வேலை முடிந்தது.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: எம்பெடர் ஹெட்டர் வொர்க்கரின் ஸ்கிரிப்ட் கோப்புக்கும் போக வேண்டும். பக்கத்துக்கு மட்டும் வைத்தால் வொர்க்கரே தொடங்காது, பிழைச்செய்தியிலும் காரணம் தெளிவாக இருக்காது.

வரிவரியாய்:

ஹெட்டர் சேர்த்தேன், ட்ரூ வந்துவிட்டது! 'நிறுத்து' அழுத்தியதும் முடிவிலா லூப் நின்று சிவப்பில் கீபோர்டுஇன்டரப்ட் என்று வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் பாடத்தின் மேலே உட்பொதித்திருந்த காணொளி காணாமல் போய்விட்டது. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. லோகோ படமும் வரவில்லை.

கடையாணி:

தனிமைப்படுத்தியதன் விலை அது. ரிக்வயர்-கார்ப் வைத்துவிட்டால் வேறு தளத்திலிருந்து வரும் எதுவும் 'என்னை உட்பொதிக்கலாம்' என்று தானே சொல்ல வேண்டும். படத்துக்கு: அந்தச் சர்வர் கோர்ஸ் அனுமதி (வேறு தளம் தன் கோப்பைப் படிக்கலாம் என்ற ஒப்புதல்) தருமானால் இமேஜ் டேகில் கிராஸ்ஒரிஜின் என்ற பண்பைச் சேருங்கள். அதைவிட எளிது, படத்தை உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்வது. ஐஃப்ரேமில் வரும் காணொளி கடினம், அந்தப் பக்கமும் இதே ஹெட்டரை அனுப்பியாக வேண்டும். உங்கள் கையில் இல்லாத விஷயம்.

காணொளியையும் நிரல் பெட்டியையும் இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுங்கள். நிரல் ஓடும் பக்கத்துக்கு மட்டும் ஹெட்டர். இதுபற்றி நிறையப் பேர் குறுக்குவழி தேடுகிறார்கள். என் அனுபவத்தில் பிரிப்பதுதான் நீடிக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஹெட்டர் வைக்கவே வசதியில்லாத இலவச ஹோஸ்டிங் என்றால், சர்வீஸ் வொர்க்கர் ஒன்றைப் பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் நிறுத்தி, வரும் பதில்களில் இந்த ஹெட்டர்களை அதுவே ஒட்டும்படி செய்யலாம். முதல் வருகையில் பக்கம் ஒருமுறை தானாக ரீலோட் ஆகும், மற்றபடி நன்றாகவே ஓடுகிறது.

வரிவரியாய்:

பிரித்துவிட்டேன். இன்புட்டும் வேலை செய்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் தட்டினால் மட்டும்! பெயர் கேட்கும் இடத்தில் தமிழில் தட்டினால் குப்பை வருகிறது. மாணவர்கள் முதலில் தட்டுவதே தங்கள் பெயரைத்தான், அதுவும் தமிழில். இது சரியாகாமல் பக்கத்தை வெளியிட மனம் வரவில்லை.

நான் செய்வது: தட்டிய சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் சார்கோட்அட்டால் அதன் எண்ணை எடுத்து, யுஇன்ட்8அரேயில் வரிசையாக எழுதுகிறேன். வொர்க்கரில் எண்களை மீண்டும் எழுத்தாக்குகிறேன்.

நூலேணி:

கண்டுபிடித்தாயிற்று. யுஇன்ட்8அரேயின் ஒரு கட்டத்தில் 0 முதல் 255 வரைதான் நிற்கும். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128-க்குள், தப்பித்துவிடுகின்றன. தமிழ் 'அ'வின் யூனிகோட் எண் 2949. அதை அந்தக் கட்டத்தில் எழுதினால் 256-ஆல் வகுத்த மீதி, 133 மட்டும் நிற்கும். பிழை எதுவும் எழும்பாது, சத்தமில்லாமல் வெட்டிவிடும். அதுதான் குப்பை.

டெக்ஸ்ட்என்கோடர் வைத்து யுடிஎஃப்-8 ஆக்கி அந்தப் பைட்டுகளை எழுதுங்கள். 'அ' 224, 174, 133 என்று மூன்று பைட்டாகும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பஃபரின் அளவையும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எழுதும் நீளத்தையும் சொல்லின் நீளத்திலிருந்து எடுக்காதீர்கள், என்கோட் செய்த பிறகு பைட் எண்ணிக்கையிலிருந்து எடுங்கள். 'அம்மா' கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. பைட்டில் பதினைந்து.

அடுத்த பள்ளத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வொர்க்கரில் டெக்ஸ்ட்டிகோடருக்கு ஷேர்டு பஃபரை நேராகக் கொடுத்தால் பல உலாவிகள் டைப்எரர் தரும், பகிர்ந்த நினைவகம் ஏற்காது. ஸ்லைஸ் போட்டுச் சாதாரண அரேயாக நகலெடுத்து, அந்த நகலை டிகோட் செய்யுங்கள்.

வரிவரியாய்:

ஸ்லைஸ் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொரு இரவு போயிருக்கும்! தமிழ் வந்துவிட்டது. என் பெயரைத் தட்டினேன், வணக்கம் சொல்லிப் பெயரோடு திருப்பியது. நானே எழுதிய நிரல்தான், ஆனாலும் நான்கைந்து முறை தட்டிப் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. இன்புட் காத்திருக்கும்போது 'நிறுத்து' அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. ஏதாவது தட்டி எண்டர் கொடுத்த பிறகுதான் நிற்கிறது.

கடையாணி:

பைத்தான் தன் கட்டளைகளை ஓட்டும்போது அவ்வப்போதுதான் அந்த 2-ஐப் பார்க்கும். நீங்கள் அட்டாமிக்ஸ்.வெயிட்டில் தூங்கும்போது ஓடுவது பைத்தான் இல்லை, உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன். முடிவில்லாமல் தூங்கவிடாமல் 100 மில்லிசெகண்ட் கெடு கொடுங்கள். 'டைம்டு-அவுட்' என்று திரும்பினால் பையோடைடின் செக்இன்டரப்டை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு மீண்டும் தூங்கட்டும். நிறுத்தச் சொல்லியிருந்தால் அங்கேயே வெளியேறிவிடும்.

நம்பையில் ஒரே வரியில் பெரிய கணக்குப் போட்டாலும் இதே கதை. சி-க்குள் இருக்கும்வரை 2-ஐப் பார்க்காது. அதோடு, மாணவர் லூப்புக்குள் பெயர் போடாமல் வெறும் 'எக்செப்ட்' எழுதியிருந்தால் அது கீபோர்டுஇன்டரப்டையும் விழுங்கிவிட்டு லூப் தொடரும். 'எக்செப்ட் எக்செப்ஷன்' என்று எழுதினால் விழுங்காது. இதைத் தனியாகவே ஒரு பாடமாக வைக்கலாம்.

இவற்றுக்காக, 'நிறுத்து' அழுத்தி இரண்டு செகண்டில் நிற்கவில்லை என்றால் வொர்க்கரையே டெர்மினேட் செய்து புதிதாகத் தொடங்குங்கள். பையோடைட் மறுபடி எழ நேரம் எடுக்கும், அதுவரை 'ஓட்டு' பொத்தானைச் செயலிழக்க வையுங்கள். மாணவரின் நிரல் பக்கத்தின் பெட்டியில்தானே இருக்கிறது, அது போகாது.

பிட்டுக்குட்டி:

சும்மா படிச்சிட்டு போகலாம்னு வந்தேன், நானும் பையோடைட் எடுத்துப் பாக்கலாம்னு தோணுது. ஒரு கேள்வி: குரோம் 137-ல வந்த ஜேஎஸ்பிஐ இருந்தா இந்தப் பஃபர் வேலையே வேணாம்னு படிச்சேன். சரியா?

நூலேணி:

பெரும்பாலும் சரி. அது வெப்அசெம்பிளியின் ஓட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, காத்திருக்கும் பதில் (ப்ராமிஸ்) வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரவிடுகிறது. பையோடைடில் ரன்_சிங்க் என்று கிடைக்கிறது. இன்புட்டுக்கு மிக அழகான வழி, ஹெட்டரும் வேண்டாம். ஆனால் முடிவிலா லூப்பை அது நிறுத்தாது. அந்த லூப் எதற்காகவும் காத்திருப்பதில்லையே. மாணவர்கள் எல்லாரிடமும் அவ்வளவு புதிய உலாவி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு நான் பஃபர் வழியையே வைத்துக்கொள்வேன்.

வரிவரியாய்:

100 மில்லிசெகண்ட் கெடு வேலை செய்கிறது. டெர்மினேட்டும் சேர்த்துவிட்டேன். நிரல் பெட்டியில் இருப்பதை ஒவ்வொரு மாற்றத்துக்கும் உலாவியின் லோக்கல்ஸ்டோரேஜில் சேமிக்கிறேன், இனி டேப் மூடினாலும் எழுதியது போகாது. அன்று நிரலை இழந்த மாணவரிடம்தான் முதலில் காட்டினேன். வேண்டுமென்றே முடிவிலா லூப் எழுதி, 'நிறுத்து' அழுத்திப் பார்த்தார். பிறகு லென் ஃபங்ஷனில் 'அம்மா' கொடுத்து 5 வந்ததும், பக்கத்தில் பிழை இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். பிழையில்லை, பைத்தான் எங்கேயும் அப்படித்தான் எண்ணும் என்று புள்ளியையும் காலையும் பிரித்துக் காட்டினேன்.

இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன். நூலேணி, கடையாணி, இருவருக்கும் நன்றி.