‘அடங்காப்பிடாரி’ என்று எழுதியது சரியா?

வெள்ளவத்தை வாசகி:
‘பிட்ச் பிளானட்’ (Bitch Planet) என்ற ஆங்கில காமிக்ஸை நேற்று இங்கே அறிமுகப்படுத்தியவர், அதில் சிறைக்குப் போகும் பெண்களை ‘அடங்காப்பிடாரிகள்’ என்று எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. கெல்லி சூ டிகானிக் எழுத, வாலண்டைன் டி லாண்ட்ரோ வரைய, 2014 டிசம்பரில் தொடங்கிய கதை அது. ஆண்கள் சொற்படி நடக்காத பெண்களை அரசு வேற்றுக்கோள் சிறைக்கு அனுப்புகிறது. ‘நான்-கம்ப்ளையன்ட்’ (Non-Compliant) என்பது அங்கே வசவு அல்ல, குற்றப் பிரிவு. ‘இணங்காதவள்’ என்பதே சரி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். ‘இணங்காதவள்’ அரசாங்கக் கச்சேரிப் படிவம் போல இருக்கிறது.

வெள்ளவத்தை வாசகி:
அப்படித்தான் இருக்க வேண்டும்! முதல் இதழில் கைதி மேரியன் காலின்ஸை யாரும் திட்டிக் கொல்லவில்லை. புது மனைவியோடு வாழ விரும்பிய கணவன் பணம் கொடுக்கிறான், காரியம் முடிகிறது. இதில் பிடாரி எங்கே வந்தாள்?

பழைய காமிக்ஸ் ரசிகன்:
1984இல் தமிழில் லயன் காமிக்ஸ் தொடங்கியதே மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதையோடுதான். எங்களுக்கு யாரும் பெண் வீரத்தைக் கற்பிக்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி:
மாடஸ்டியை யார் கேட்டார்கள்? பேச்சு சொல்லைப் பற்றியது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பிடாரி ஊர்த் தெய்வம், அக்கா. வாசகிகள் பலர் நான்-கம்ப்ளையன்டைச் சுருக்கி ‘என்.சி.’ என்று உடம்பில் பச்சையே குத்திக்கொண்டார்கள். ‘இணங்காதவள்’ என்று யார் குத்துவார்?

வெள்ளவத்தை வாசகி:
நான் குத்துவேன். ‘அடங்காப்பிடாரி’ என்று சொல்லிச் சொல்லித்தான் என் பெரியம்மாவின் படிப்பை நிறுத்தினார்கள். அந்தச் சொல்லில் எனக்குத் தெய்வம் தெரியவில்லை. மூன்றாம் இதழில் பென்னி ரோல் என்ற கைதியின் மனத்தில் உள்ள இலட்சிய உருவத்தைக் காண அவளை இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். திரையில் தெரிவது அவளேதான், அதே பருத்த உடலோடு. அவள் ஆவேசம் வந்து ஆடவில்லை, இணங்க மறுக்கிறாள். இணங்காதவள்!

பம்பலப்பிட்டி மாணவன்:
வங்காள எழுத்தாளர் ரொக்கேயா 1905இலேயே ஆண்களை வீட்டுக்குள் அடைத்த நாட்டை ‘சுல்தானாவின் கனவு’ கதையில் எழுதிவிட்டார். வெளியிட்டது சென்னைப் பத்திரிகை.

வெள்ளவத்தை வாசகி:
அது இன்ப உலகம், தம்பி. காமிக்ஸும் அல்ல.

கொட்டாஞ்சேனைக்காரன்:
போன வருடம் புத்தகக் கண்காட்சியில் என்னிடம் வாங்கிய முதல் தொகுதியைத் தந்துவிட்டு வாதாடுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வாருங்கள், தருகிறேன். அதற்குள் அந்தச் சொல்லைத் திருத்திவிடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
புத்தகத்துக்கு வருகிறேன். திருத்த மாட்டேன்.